சிறுவர் கையில் ஸ்டென்சில் அச்சு

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையிலே ஸ்டென்சில் என்பது புதிய பொருளன்று. சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தில் வள்ளத்தின் பக்கத்திலே தீட்டப்படும் பதிவெண்ணும், சாக்கு மூட்டையின்மீது காணப்படும் வணிகரின் அடையாளமும் பெரும்பாலும் அம்முறையினாலேயே பதிக்கப்படுகின்றன. தகடொன்றில் எழுத்தின் உருவத்தை வெட்டி நீக்கிவிட்டு, அத்தகட்டைப் பலகையின்மேல் வைத்து மையை ஒற்றினால், வெட்டிய இடத்தின் ஊடாக மை இறங்கி எழுத்தாகப் பதிகின்றது. பாடசாலைகளுக்கும் இம்முறை நெடுநாட் பழக்கமுடையது. ஒளிப்படப் பிரதி இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னர், பரீட்சை வினாத்தாள்களை மெழுகுத் தாளிலே தட்டச்சுச் செய்து ரோனியோ இயந்திரத்திற் பிரதியெடுத்தமையும் ஸ்டென்சில் அச்சின் ஒரு வகையே ஆகும். பெரியோர் தொழிலுக்கும் அலுவலகத்துக்கும் இவ்வாறு பயன்படும் ஒரு முறை, ஆரம்ப வகுப்புச் சிறுவரின் கல்விக்கு எவ்வாறு உதவும் என்பது ஆராயத் தக்கது.

மனிதன் அறிந்த அச்சுமுறைகளுள் இதுவே மிகப் பழையது எனலாம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள குகைகளிலே, பாறைமீது கையை விரித்து வைத்து, அதனைச் சுற்றிச் செங்காவி நிறத்தை வாயினால் ஊதிய சுவடுகள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுகள் பழைமையானது என 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உரைத்தது. நிறம் படிந்த பாறையின் நடுவே, நிறம் படாத கை தோன்றுகின்றது. முதலாம் வகுப்பிற் பயிலும் குழந்தையும் இதனைச் செய்யக்கூடும். கடதாசியிலே கையை வைத்து, பழைய பற்றூரிகையில் நிறத்தைத் தோய்த்துச் சிறு குச்சியினால் உரசித் தெறித்தால், கையை எடுத்தவுடன் வெண்ணிறக் கை எஞ்சி நிற்கும். தடுத்த இடத்தில் நிறம் விழாது, திறந்த இடத்தில் விழும் என்னும் அடிப்படை உண்மையை எவரும் சொல்லாமலே குழந்தை அறிந்துகொள்கின்றது.

ஏனைய அச்சுமுறைகளினும் இது சிறுவருக்கு இலகுவானதற்கு வேறொரு காரணமும் உண்டு. மரக்கட்டையிலோ உருளைக்கிழங்கிலோ எழுத்தைச் செதுக்கி அச்சிட்டால், எழுத்து இடம் வலம் மாறி, கண்ணாடியிற் காண்பது போலத் தலைகீழாகப் பதியும். தன் பெயரை அப்போதுதான் எழுதப் பழகும் குழந்தைக்கு இது பெருங் குழப்பம். ஸ்டென்சிலில் வெட்டியது வெட்டியவாறே பதியும். தாளைப் புரட்டிப் போட்டாலன்றித் திசை மாறாது. வலப்பக்கம் நோக்கிய மீனை இடப்பக்கம் நோக்க வைக்க வேண்டுமாயின் தாளைப் புரட்டினாற் போதும். ஒரே துளை இரு மீன்களைத் தருகின்றது.

ஆயினும் இம்முறையில் ஒரு தீங்கும் மறைந்திருக்கின்றது. கடைகளில் விற்கப்படும் பிளாஸ்டிக் தகடுகளிலே யானை, வண்ணத்துப்பூச்சி, மலர் முதலிய உருவங்கள் ஆயத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் உள்ளே பென்சிலை ஓட்டும் குழந்தையின் கை அசைகின்றதேயன்றிக் கண் எதனையும் காண்பதில்லை. ஆசிரியர் தாமே வெட்டிக் கொடுக்கும் தாளும் அத்தகையதே. அவ்வகை வேலை நாற்பது பேரையும் ஒரே யானையைத் தீட்டச் செய்யும். அவர்களுள் ஒருவர்கூட யானையை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். ஸ்டென்சில் அச்சுப் பாடத்தின் பயன், துளையை யார் வெட்டுகின்றார் என்பதிலேதான் தங்கியுள்ளது. குழந்தையே வெட்டினால் அது சிந்தனை. பிறர் வெட்டினால் அது வெறும் நிறம் தீட்டல்.

பார்த்து அப்படியே வரைதலே சித்திரக் கல்வி என்னும் எண்ணம் நெடுங்காலம் உலகெங்கும் வழங்கியது. அதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ஒஸ்திரியா நாட்டின் பிரான்ஸ் சிசெக். 1897ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே சிறுவருக்கென அவர் தொடங்கிய சித்திர வகுப்பிற் குழந்தைகள் தாமே வண்ணத்தாள் வெட்டினர். தாமே அச்சுப் பதித்தனர். இலங்கையிலே 1920களிற் பாடசாலைகளின் சித்திரக் கல்விப் பரிசோதகராக விளங்கிய சார்ள்ஸ் பிறீகுறோவ் வின்சர், பிரதிபண்ணும் பழக்கத்தை விடுத்துச் சிறுவரின் சொந்த ஆக்கத்துக்கு இடமளித்தவர். அவரது பெயரால் 1938ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே சித்திரக் கழகமொன்றை ஓவிய ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை நிறுவினார். ஆகவே, குழந்தையின் கையிலேயே கத்தரிக்கோலைக் கொடுப்பது இந்நாட்டுக்குப் புறம்பான கொள்கையன்று.

குழந்தை எதனை வெட்டும்? வெறும் தாளைக் கொடுத்து, ‘விரும்பியதை வெட்டுக’ என்றால், பெரும்பாலான பிள்ளைகள் திகைத்து நிற்பர். சிலர், ‘எனக்கு வரைய வராது’ என்று கையை மடித்துக்கொள்வர். இங்கேதான் படநூல் துணைசெய்கின்றது. லியோ லியொனி என்பார் எழுதிச் சித்திரந் தீட்டி 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்விம்மி’ என்னும் நூல் இதற்கு மிகப் பொருத்தமானது. செந்நிறச் சிறுமீன்களின் கூட்டத்தைப் பெரிய மீனொன்று விழுங்கிவிடுகின்றது. கருநிறச் சிறுமீனாகிய ஸ்விம்மி மட்டும் தப்புகின்றது. தனித்துத் திரிந்து கடலின் விந்தைகளைக் கண்ட அம்மீன், மற்றுமொரு செந்நிறக் கூட்டத்தைச் சந்திக்கின்றது. அச்சத்தினால் மறைந்திருந்த அவற்றைப் பெரிய மீனொன்றின் வடிவில் அணிவகுத்து நீந்தப் பழக்குகின்றது. தான் அதன் கண்ணாக நிற்கின்றது. சிறியவை ஒன்றுகூடிப் பெரியதை விரட்டுகின்றன.

இந்நூலிற் செந்நிற மீன்கள் முத்திரை குத்தியதுபோல ஒரே உருவம் திரும்பத் திரும்பப் பதிக்கப்பட்டவை. ஒரு சிறு வடிவம், பல முறை வைக்கப்பட்டதனால், பெருங் கடற்காட்சியாகின்றது. சாளையும் சூடையும் கூட்டமாக வலையில் ஏறுவதைக் கண்டு வளர்ந்த கடற்கரைப் பிள்ளைகளுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. உடப்பு முதலிய ஊர்களிலே பலர் ஒன்றுசேர்ந்து கரைவலை இழுப்பதைக் கண்ட குழந்தைக்குக் கதையின் கருத்தும் எளிதில் விளங்கும். மீனின் பக்கம் நிற்பதா, வலையின் பக்கம் நிற்பதா என்னும் வினாவும் அவ்வகுப்பில் எழாமற் போகாது. நூல் தமிழில் இல்லாவிடினும் குறையில்லை. படங்களைக் காட்டி ஆசிரியர் கதையைத் தமிழிற் சொல்லலாம்.

படநூலைப் பயன்படுத்தும்போது காக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. நூலை மூடிவைத்த பின்னரே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தல் வேண்டும். நூல் திறந்திருந்தாற் பிள்ளைகள் அதிலுள்ள மீனையே வெட்ட முயல்வர். மூடியிருந்தால் தமது மீனை வெட்டுவர். நூல் திறந்திருக்கும் வேளையில் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: மீன்கள் எல்லாம் ஒரே அளவினவா? எத்திசை நோக்குகின்றன? எங்கே நெருங்கியும் எங்கே விலகியும் நிற்கின்றன? நிறம் எங்கே தடித்தும் எங்கே மெலிந்தும் இருக்கின்றது? இவ்வாறு பார்க்கப் பழகிய கண், படத்தைப் பிரதிபண்ண வேண்டிய தேவையின்றியே அதன் முறையைக் கற்றுக்கொள்ளும்.

வேலைக்கு வேண்டிய பொருள்கள் எல்லா வீட்டிலும் உள்ளவை. பழைய நாட்காட்டி மட்டை, கோப்பு மட்டை, கழித்த எக்ஸ்கதிர்ப் படத்தாள் ஆகியவற்றுள் எதுவும் ஸ்டென்சிலாகும். மட்டையாயின் அதன் இருபுறமும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஈரத்தில் ஊறாது. மட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி அரை மீனை மட்டும் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி விரித்தால் முழுமீன் கிடைக்கும். கூரிய கத்தியைப் பிள்ளைகள் கையிற் கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை. மிகச் சிறியோர் கத்தரிக்கோலுமின்றி விரலாற் கிழிக்கலாம். கிழித்த ஓரத்துக்கும் ஓர் அழகுண்டு. வெட்டியதும் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. துளையுள்ள மட்டை ஒன்று; விழுந்த மீன் மற்றொன்று. முன்னதில் நிறம் ஒற்றினால் நிறமுள்ள மீன் வரும். பின்னதைத் தாள்மேல் வைத்துச் சுற்றிலும் ஒற்றினால், நிறக்கடலின் நடுவே வெண்மீன் வரும். வெட்டியதில் எதுவும் கழிவன்று.

நிறம் கெட்டியாக இருத்தல் இன்றியமையாதது. நீர்த்த நிறம் மட்டையின் அடியிற் கசிந்து உருவத்தின் விளிம்பைக் கெடுத்துவிடும். கோதுமை மாவைக் காய்ச்சிய பசையிற் பொடிநிறத்தைக் குழைத்தால் வேண்டிய தடிப்பு வரும். அடுப்புக்கரியும் செங்கற் பொடியும் மஞ்சளும் பணச் செலவின்றிக் கிடைக்கும் நிறங்கள். தூரிகைக்குப் பதிலாகத் தென்னந்தும்பை ஒரு பிடியளவு சேர்த்து இறுகக் கட்டி, நுனியைச் சமமாக நறுக்கிக்கொள்ளலாம்; பழைய மெத்தைப் பஞ்சின் துண்டும் உதவும். நிறத்தைத் தொட்டபின் முதலில் வேறொரு தாளில் ஒற்றி, மிகுதியைப் போக்கிய பின்னரே துளையில் ஒற்றல் வேண்டும். இழுத்துப் பூசுதல் கூடாது. விளிம்பிலிருந்து உள்நோக்கி மேலிருந்து கீழாகக் குத்தி ஒற்றி, மட்டையை நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மட்டையின் அடியைத் துடைப்பதும் நன்று. கடற்காற்று வீசும் வகுப்பறையில் தாள் பறக்காதிருக்க நான்கு மூலையிலும் சிப்பியோ கல்லோ வைத்தல் வேண்டும்.

இனி, இப்பாடத்தின் உயிர்நிலையான இடம் வருகின்றது. தன் மீனுக்குக் கண் வைக்க விரும்பும் குழந்தை, மட்டையிலே மீனை வரைந்து, அதற்குள்ளே சிறு வட்டத்தையும் வரைந்து, கண்ணை விட்டுவிட்டு மீனை மட்டும் வெட்ட முற்படும். கண்ணோ மீனோடு சேர்ந்து கீழே விழுந்துவிடும். சுற்றிலும் வெட்டப்பட்ட இடம் தீவுபோலத் தனித்துவிடுவதால் அதனைத் தாங்குவது எதுவுமில்லை. ஆசிரியர் இவ்விடத்தில் விரைந்து விடை சொல்லாதிருத்தல் நலம். சிறிது நேரம் விட்டாற் பிள்ளைகளே வழி காண்பர். ஒருவர் கண்ணையும் உடலின் ஓரத்தையும் இணைக்கும் மெல்லிய பாலமொன்றை வெட்டாமல் விடுவார். மற்றொருவர் கண்ணில்லாமலே அச்சிட்டு, காய்ந்தபின் விரல் நுனியாற் பொட்டு வைப்பார். வேறொருவர் சிறு கடதாசி வட்டத்தை அவ்விடத்தில் வைத்து ஒற்றுவார். மூன்றும் சரியான விடைகளே.

எழுத்துகளிலும் இவ்வுண்மை தோன்றும். ‘ட’, ‘ப’ என்னும் எழுத்துகளை வெட்டும் பிள்ளைக்கு ஓர் இடையூறும் இல்லை. அவற்றில் மூடிய வளைவு கிடையாது. ‘ண’, ‘ன’ முதலிய சுழி எழுத்துகளிற் சுழியின் உட்புறம் விழுந்துவிடும். ஆங்குப் பாலம் வேண்டும். ஸ்டென்சிலால் தீட்டிய எண்களில் 0, 6, 8 ஆகியவை இடையிடையே அறுந்து காணப்படுவதன் காரணம் அதுவே. தந்தையின் வள்ளத்திலே நாள்தோறும் கண்ட அந்த அறுவையின் பொருளை, தானே வெட்டிப் பார்த்த குழந்தை அறிந்துகொள்கின்றது.

விழும் தீவை எவ்வாறு தாங்குவது என்னும் இதே சிக்கல் பெரிய கலைஞரையும் வருத்தியதுண்டு. ஜப்பானியர் துணிக்குச் சாயமிடப் பழச் சாற்றினால் உறுதியாக்கிய தாளை மிக நுண்ணிதாக வெட்டினர். பாலம் தெரியாதிருக்கும்பொருட்டு மெல்லிய பட்டு நூலைக் குறுக்கே பரப்பித் தீவுகளைத் தாங்க வைத்தனர். நூல் மிக நுண்ணியதாதலின் சாயம் அதனைச் சுற்றி இறங்கியது. தாங்கியதன் தடயமும் தோன்றவில்லை. தனி நூலுக்குப் பதிலாகப் பட்டுத்துணி முழுவதையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வேண்டாத இடங்களை அடைத்துவிட்டால் அதுவே திரையச்சு. மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907ஆம் ஆண்டில் இத்தகைய முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இம்முறையினாற் படநூல்களையே கையால் அச்சிடும் தொழில் சென்னையிலே சிறந்து விளங்குகின்றது. கீதா வூல்ஃப் 1994ஆம் ஆண்டில் நிறுவிய தாரா பதிப்பகத்தின் நூல்கள் சில, பக்கம் பக்கமாகத் திரையச்சிற் பதிக்கப்பட்டுக் கையாலேயே தைக்கப்படுகின்றன. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் மூவரின் சித்திரங்களைக் கரிய கையாக்கத் தாளில் அச்சிட்டு 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட, மரங்களின் இரவு வாழ்க்கையைக் கூறும் நூல், 2008ஆம் ஆண்டிற் பொலோனியா சிறுவர் நூற் கண்காட்சியிற் பரிசு பெற்றது. பீகாரின் மிதிலை ஓவிய மரபைச் சேர்ந்த ராம்பரோஸ் ஜா தீட்டிய நீர்வாழ் உயிர்களின் நூல் 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு திரை. ஒரு நிறம் காய்ந்த பின்னரே அடுத்த நிறம். அத்தகைய நூலொன்று வகுப்பிற்குக் கிட்டுமாயின், பிள்ளைகள் பக்கத்தை விரலாற் தடவி நிறத்தின் தடிப்பை உணரலாம். தாம் மட்டையிற் செய்யும் அதே வேலையைச் செய்து வாழ்வோர் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கின்றனர் என்பதை அறிவது, ‘இது விளையாட்டு’ என்னும் எண்ணத்தை மாற்றிவிடும்.

தனித்தனி மீன்கள் ஆயத்தமானதும் வகுப்பு முழுவதும் ஒரே தாளிற் கூடி வேலைசெய்யும் நாள் வருகின்றது. பல தாள்களை ஒட்டிய பெரும் பரப்பிலே பெரிய மீனொன்றின் எல்லைக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் மெல்ல வரைந்துகொள்ள வேண்டும். கண் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விடவேண்டும். பின்னர் ஒவ்வொரு பிள்ளையும் முறைப்படி வந்து இரண்டோ மூன்றோ மீன்களை எல்லைக்குள்ளே பதிக்கும். எல்லாம் ஒரே திசை நோக்க வேண்டும். எவரேனும் மட்டையைப் புரட்டிவைத்துவிட்டால், அந்த ஒரு மீன் எதிர்த்திசையில் நீந்துவதை வகுப்பே கண்டுபிடிக்கும். விளிம்பை ஒட்டி மீன்கள் நெருங்கி நில்லாவிடின் பெரிய மீனின் வடிவம் தெரியாது. ஆதலின் நடுவிற் பதிப்பவரினும் ஓரத்திற் பதிப்பவருக்குப் பொறுப்பு மிகுதி. இறுதியில் வெறுமையாக விட்ட இடத்திலே கரிய மீனொன்று பதிக்கப்படுகின்றது. முன்பு மட்டையிலிருந்து விழுந்துபோன கண், இப்போது வேறொரு மீனாக வந்து சேர்ந்துவிடுகின்றது. கதையிலுள்ள உபாயமும் அச்சிலுள்ள உபாயமும் ஒன்றே என்பதைப் பிள்ளைகள் அவ்வேளையிற் காண்கின்றனர்.

‘எனக்கு வரைய வராது’ என்ற குழந்தையின் மீன் அத்தாளில் எது என்று எவராலும் பிரித்துக் கூற முடியாது. ஆயினும் அது இல்லாவிடின் அவ்விடத்தில் ஒரு துளை விழுந்திருக்கும். புத்தளம் கடற்கரையின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு இதன் பொருள் பெரிது. அவற்றிலே இந்து, இஸ்லாமிய, கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பயில்கின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே அடைக்கலம் புகுந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளும் இங்கு பயில்கின்றனர். ஸ்டென்சில் என்பது வெட்டியவருக்கு மட்டும் உரிய பொருளன்று. ஒருவர் வெட்டிய மட்டை மேசைக்கு மேசை செல்லும். ஒரு பிள்ளையின் கைவேலை, பிற பிள்ளையின் தாளிற் பதியும். ஓவியப் போட்டியிற் காணமுடியாத ஓர் உறவு இங்கு இயல்பாகத் தோன்றுகின்றது.

பிறர் நூலைக் கொண்டு தொடங்கிய பாடம், வகுப்பின் சொந்த நூலிற் சென்று முடிவதே முறை. அதற்கு வேண்டிய உருவங்கள் கரையெங்கும் உள்ளன: பாலாவி உப்பளத்தின் வெண்குவியல்கள், கற்பிட்டித் தெருக்களிற் சுற்றித்திரியும் கழுதைகள், ஒல்லாந்தர் கோட்டையின் வாயில், களப்போரத்துக் கண்டல் மரத்தின் வளைந்த வேர்கள், காற்றாலைகளின் மூன்று இறக்கைகள். ஒவ்வொன்றும் தன்னுடைய வெட்டும் முறையை வேண்டி நிற்கும். ஆவுளியா எனப்படும் கடற்பசுவை எடுத்துக்கொள்ளலாம். மீனின் வால் செங்குத்தானது. ஆதலாற் பக்கத்திலிருந்து பார்த்து வெட்டினால் வாலின் பிளவு தெரியும். ஆவுளியா பாலூட்டி, ஓங்கிலைப் போல அதன் வால் கிடையானது, மேலிருந்து பார்த்து வெட்டினால்தான் பிளவு தெரியும். மட்டையை எவ்வாறு மடிப்பது என்று எண்ணும் குழந்தை, மீனுக்கும் பாலூட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கையினாலேயே கற்றுவிடுகின்றது. கடற்புல்லை மேய்ந்து வாழும் அவ்விலங்கு சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டது. எனினும் வலைகளில் அகப்பட்டு அருகிவருகின்றது. அதனைக் கண்டறியாத பிள்ளைகள், அதன் உருவை அறியும்பொருட்டு வீட்டிலுள்ள முதியோரை அணுகுவர். அம்முதியோர் கூறும் செய்தியே படத்தின் கீழ் எழுதும் வாக்கியமாகலாம்.

நாற்பது பிள்ளைகள், ஆளுக்கொரு மட்டை. ஒவ்வொரு மட்டையிலும் நாற்பது பதிவுகள். அவற்றை அடுக்கித் தைத்தால் நாற்பது பக்கமுள்ள நூல், வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியாகக் கிடைக்கும். வீட்டிலே வேறொரு படநூல் இல்லாத குழந்தையும் அன்று ஒரு படநூலை எடுத்துச் செல்லும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் சுமை சித்திர பாடவேளையை விழுங்கும் பாடசாலைகளிலே, இதற்கு நேரம் ஏது என்று கேட்கப்படலாம். எண்ணலும் சமச்சீரும் எழுத்தும் சுற்றாடற் பாடமும் ஒரே வேலையில் அடங்கியிருப்பதைக் கண்ட ஆசிரியர், இதனைப் பாடத்துக்குப் புறம்பானது எனக் கருதார்.

கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தொகுத்து 1834ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தன் நாட்டைத் தானே பார்த்துத் தானே பதிவுசெய்தல் இக்கரைக்குப் புதிதன்று. கத்தரிக்கோலும் பழைய மட்டையும் ஒரு பிடி தும்பும் கிடைத்தால், அக்கரையின் சிறுவரும் தமக்கு இயன்ற அளவில் அவ்வேலையைச் செய்யக்கூடும்.